யாரைப் பார்த்தேன் தெரியுமா

அக்காவோடு போனில் பேசுகிறவர்கள் முதலில் லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். "ஹலோ, அக்கா, இருக்கீங்களா?" என்று கத்துவார்கள். இருப்பார். நாம் சொல்லி முடித்துவிட்டோமா, தொண்டையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று காத்துக்கொண்டிருப்பார். முடிந்தது என்று உறுதியான பிறகுதான் அந்தப் பக்கமிருந்து, "ம், இப்ப நான் பேசவா?" என்று வரும்.

நான் அதற்கு நேர் எதிர். யாராவது "நேத்து அந்த முச்சந்திகிட்ட..." என்று இழுத்தால், "ஜாம், அதானே, எனக்குத் தெரியும்" என்று நானே முடித்து மூடிவைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து தான் ஒரு பேச்சைக்கூட முழுசாகப் பேசியதில்லை என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்படிப்பட்ட என்னை அப்படிப்பட்டவர் பக்கத்தில், ஒரே மேசையில், வேலைக்குப் போகிற ஒரே காடியில், அதான் காரில், வருஷக்கணக்கில் உட்கார வைத்தது எந்தச் சாமியோ தெரியவில்லை. அந்தச் சாமி நன்றாக இருக்கட்டும்.

அக்கா இப்போது இங்கே இல்லை. எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிற குளிர் தேசத்துக்குப் போய்விட்டார். பாக்கார் ஆராங்கில் அவர் குடியிருந்த வரிசை வீட்டில் இப்போது யாரோ பையன்கள் இருக்கிறார்கள். வாசல் நிறைய மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வேலைக்குப் போக அந்தத் தெரு எனக்குச் சுற்று வழி. இருந்தாலும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

பெயர் வேண்டாம். மலாய்க்காரர்கள் அவரை "காக்" என்றார்கள், நாங்கள் அக்கா என்றோம், இரண்டும் ஒன்றுதான். சுங்கை பட்டாணிக்கு வெளியே இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய குழாய்கள் செய்கிறோம். நான் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே குழாய் ஒட்டுகிற வரிசையில் இருந்தேன். வடிவமைப்பு அறைக்குக் கை நடுங்காத ஆள் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். என் வாய்தான் ஆடும், கை ஆடாது. அனுப்பிவைத்தார்கள். அங்கே இன்ஜினியராக இருந்தவர்தான் அக்கா.

அவர் செய்துகொண்டிருந்த சாமானை நான் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் உள்ளே போகப் போகக் கிளை பிரிந்து மெலிந்துகொண்டே போகும். எங்கேயாவது ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் இருக்கிற மூளை பட்டினி கிடந்து சாகும். பெரிய குழாயில் அடைத்தால் எடுக்கக் கருவி இருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ ஓட்டை போட்டு, மெல்லிய குழாயை மேலே ஏற்றி, அதற்குள் மடித்துவைத்த ஒரு கம்பி வலையைக் கட்டிக்குள் கொண்டுபோய் விரியவிட்டு, கட்டியோடு சேர்த்து வெளியே இழுத்துவிடுவார்கள். ஆனால் கடைசிக் கிளைகள் இடியாப்ப இழை மாதிரி இருக்கும். பெரிய வலை அங்கே நுழையாது, நுழைந்தாலும் குழாயைக் கிழித்துவிடும். அந்தச் சின்னக் கிளைக்குள் போய் வருகிற வலையைத்தான் அக்கா வரைந்துகொண்டிருந்தார்.

ஏன் அதைக் கையில் எடுத்தார் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். அவர் மறைத்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் துணி விற்றவர். துண்டு, கைலி, பிள்ளைகள் சட்டை. "தீகா செப்புலோ, தீகா செப்புலோ" என்று மலாயில் கூவினால், மூன்று எடுத்தால் பத்து வெள்ளி என்பது கடைசி வரிசையில் சாத்தே இறைச்சி வாங்குகிறவன் காது வரைக்கும் போகும். ஒரு காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே, "ஏய், நேத்து பாசார்ல யாரப் பாத்தேன் தெரியுமா" என்று சிரித்திருக்கிறார். அக்கா காடிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்க" என்றாராம். சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால் மாமாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, கோப்பி மடியில் கொட்டியிருந்தது.

பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அடைப்பு ரொம்ப உள்ளே, பேச்சுக்கான இடத்துக்குப் போகிற சின்னக் கிளையில் இருக்கிறது, அந்த அளவுக்குத் தங்களிடம் கருவி இல்லை என்றார். மாமா பிழைத்துக்கொண்டார். பேச்சு போய்விட்டது. மிஞ்சியது சந்தையில் கூவிய, மூன்று என்கிற ஒரே ஒரு சொல், "தீகா". பசித்தாலும் தீகா, கோபம் வந்தாலும் தீகா, அக்காவைப் பார்த்துச் சிரித்தாலும் தீகா. அதுவரை மூத்திரக் குழாய் பிரிவில் இருந்த அக்கா, கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பிரிவுக்கு வந்தார்.

ஆரம்பத்தில் அக்காவும் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறார். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பார்த்தார் என்று பெயர் பெயராகச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சின்னத்தம்பியா, பழைய தோட்டத்துக் கிராணியா, ஸ்கூல்ல கூடப் படிச்சவரா என்று. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அன்றோடு அக்கா நிறுத்திக்கொண்டார். மாமாவின் பேச்சை மட்டும் இல்லை, அதற்குப் பிறகு யாருடைய பேச்சையும் அவர் முடித்துவைத்ததில்லை.

"அன்னிக்கு நான்தான் அவர இருங்கன்னு நிக்க வெச்சேன்," என்றார் ஒருநாள் காடியில். "இப்ப நான் நிக்கிறேன். அவ்வளவுதான் புள்ள."

எனக்கு உடனே ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. "அக்கா, நீங்க அப்பவே கேட்டிருந்தாலும்..." என்று ஆரம்பித்தேன். அவர் நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்தால் நம் பேச்சு எவ்வளவு வெறுமை என்று நமக்கே தெரிந்துவிடும். மீதியை நான் விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். மாமா எதையோ கேட்கக் கையை நீட்டுவார். "டீயா மாமா? டிவி போடணுமா? வெளிய போலாமா?" என்று நான் சரமாரியாக எடுத்துவிடுவேன். அக்கா என் முழங்காலில் கை வைப்பார். "விடு லா. அவரே சொல்வாரு." நாங்கள் உட்கார்ந்திருப்போம். மின்விசிறி சுற்றும். மாமா முகமெல்லாம் வேர்த்து, கழுத்து நரம்பு புடைத்து, எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து போடுவார்: "தீகா." அக்கா அதை ஒரு முழுப் பதிலாக வாங்கிக்கொள்வார். "தீகாவா, சரி" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருவார். பாதி நாள் அது தண்ணீராகத்தான் இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "அவரு மூஞ்சியப் பாத்தேன், நீ உன் பேச்சப் பாத்துக்கிட்டு இருந்த" என்பார்.

சில சாயங்காலங்களில் பாசார் மாலாமுக்குப் போவோம். எனக்கு அப்பம் பாலிக் வேண்டும். அக்காவுக்கு ஒன்றும் வேண்டாம், முகங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மாமாவுக்குப் பக்கத்தில் கடை போட்டவர்களிடம், "அன்னிக்கு அவரு யார்கிட்டயாவது நின்னு பேசினாரா?" என்று கேட்பார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"பழைய காதலியா இருக்கும்கா," என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று.

சிரித்தார். "இருந்தா நல்லதுதான். அவ வந்து சொன்னாப் போதும், என்னைத்தான் பாத்தாருன்னு."

மாமாவுக்கு இனிப் பேச்சு வராது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்தக் கட்டியை எடுக்க வேண்டிய நேரம் அன்றைக்கே போய்விட்டது. அவர் ஆசைப்பட்டதெல்லாம் வேறு யாராவது ஒருவர், பேச்சு பாதியில் நின்ற ஒருவர், மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதான். அதற்கு அந்த வலை முடிய வேண்டும்.

அது லேசில் முடியவில்லை. வலையை ஒட்டுவது என் வேலை. ஒரு கண்ணி பிசகினாலும் அடுத்த கண்ணி விரியாது. விரிந்தாலும் அக்காவின் விதி ஒன்று உண்டு: கட்டிக்குள் வலையை விரித்ததும் இழுக்கக் கூடாது. கம்பி கட்டிக்குள் அமுங்கி உட்காரும்வரை கையை அசைக்காமல் இருக்க வேண்டும். பிறகு மெதுவாக, ஊசியில் நூல் வருவது மாதிரி இழுக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில் பேசிய வெள்ளைக்கார மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. உள்ளே மூளை செத்துக்கொண்டிருக்கும்போது எதற்குக் காத்திருப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அக்கா அவர் பேசி முடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்: "அவசரப்பட்டு இழுத்தால் கட்டி உடையும். உடைந்த துண்டு இன்னும் சின்னக் கிளைக்குப் போய்விடும். அங்கே போக இந்த உலகத்தில் யாரிடமும் ஒன்றும் இல்லை."

சோதனைக்கு நிஜ ரத்தம் வேண்டும். பன்றி ரத்தம் எங்கள் அறையில் ஆகாது, மலாய்க்காரப் பிள்ளைகள் தொட மாட்டார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த அக்காவுக்கும் மனசில்லை. ஆட்டு ரத்தம்தான். ஆடு அறுக்கும் இடத்திலிருந்து போத்தலில் வரும். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து கலந்திருக்கும். அறையில் வேறு மருந்து ஊற்றி நாங்களே உறைய வைத்து, கட்டி கட்டியாக நறுக்கி, கண்ணாடிக் குழாயில் அடைத்து இழுத்துப் பார்ப்போம். மேலாளர் நேரில் வரப்போகிற நேரம் பார்த்துப் பெருநாள் விடுமுறை, ஆடு அறுக்கும் இடம் பூட்டு.

நான்தான் சொன்னேன், சுங்கை லாலாங்கில் என் அண்ணன் இருக்கும் தோட்டத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டு என்று. அக்கா யோசித்தார். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதே?" என்றார். "நாலு உசுரு பொழைக்கும்னா குடுத்துட்டுப் போறாரு" என்றேன். மருந்து ஊற்றிய போத்தலை அண்ணியிடம் கொடுத்து, ரத்தம் பிடித்து இதில் ஊற்று, வேறு ஒன்றும் போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அந்த ரத்தத்தில் செய்த கட்டிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றும் உடையவில்லை. ஒரே இழுப்பு. நான் கைதட்டினேன், மலாய்க்காரத் தம்பி ஒருவன் மேசையைச் சுற்றி ஆடினான். அக்கா மட்டும் ஒரு கட்டியைக் கையுறை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு சுலபமா வராது புள்ள. ஒங்க அண்ணிக்குப் போன் போடு."

போட்டேன். அக்காவே வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்தப் பக்கம் அண்ணி நிதானமாக, ரத்தத்தைச் சட்டியில்தான் பிடித்தேன், அப்புறம்தான் போத்தலில் ஊற்றினேன் என்றாள்.

"சட்டியில ஏதும் போட்டீங்களாம்மா?"

"ஒண்ணும் போடல. உப்பு மட்டும் ஒரு கை. ரத்தத்துக்கு உப்பு போடாம எப்படிம்மா? பொரிச்சா நல்லாவா இருக்கும்?"

நான் முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒன்றும் போடாதே என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் கணக்கில் உப்பு சேராது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உப்பு விழுந்த ரத்தம் சரியாகக் கெட்டிப்படவில்லை, குழகுழவென்று உறைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கட்டியை யார் இழுத்தாலும் வரும். அக்கா அண்ணியைக் கோபிக்கவில்லை. "நன்றிம்மா, நல்ல நேரத்துல சொன்னீங்க" என்று போனை வைத்தார்.

மேலாளருக்கு உப்பு தெரியாது. சும்மா இருந்திருந்தால் அந்தக் கட்டிகளைக் காட்டியே பெயர் வாங்கியிருக்கலாம். நான் வாயைத் திறந்து அதைச் சொல்லவும் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலாளர் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சோதனை தப்பு, இன்னும் வலை தயாராகவில்லை என்று சொல்லிவிட்டார். வருஷக் கடைசிக்குள் முடியாவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

பிறகு நாங்கள் வெட்டி எறிந்த வலைகளுக்குக் கணக்கே இல்லை. நுனிக் கண்ணிகளைச் சின்னதாக்கினார், பெரிதாக்கினார், மறுபடியும் சின்னதாக்கினார். நான் ஒட்டினேன். அவர் இழுத்தார். கட்டி உடைந்தால் திட்ட மாட்டார், துண்டு எங்கே போய் நின்றது என்று கண்ணாடிக் குழாயில் விரலை வைத்துத் தேடுவார். பல நாள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். கூப்பிட்டால் காதில் விழாது. வருஷம் முடிவதற்குள் கெட்டிக் கட்டிகளும் முழுசாக வர ஆரம்பித்தன. உப்பில்லாத, நிஜமான கெட்டிக் கட்டிகள்.

அனுமதிகளுக்காக அலைந்துகொண்டிருந்த காலத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். சளி கட்டி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில். கடைசியாக என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டில் அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார். பாசார் மாலாம் ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் அவர் பார்த்த விதத்தை நான் பார்த்தேன். எனக்குத்தான் தாங்கவில்லை, பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கருமாதி முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார்.

வலை முதன்முதலாக ஒரு மனித உடம்புக்குள் போனது வடக்கே ஒரு மருத்துவமனையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தகவல் வந்தது. எங்கள் மலாய்க்காரத் தம்பி போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டான். டாக்டர் மலாயில் பேசினார்: நோயாளி வயசான அம்மா, அடைப்பு சின்னக் கிளையில், கட்டி ஒரே இழுப்பில் முழுசாக வந்துவிட்டது, நீங்கள் சொன்னபடி காத்திருந்துதான் இழுத்தோம், அந்த அம்மா இப்போது பேசுகிறார். அறை முழுக்கக் கைதட்டல். நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னை மெல்ல விலக்கிவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

"என்ன பேசினாங்க, டாக்டர்?"

"நல்லாத் தெளிவா பேசுறாங்க, காக்."

"அது சரி. என்ன சொன்னாங்க?"

டாக்டருக்குத் தெரியவில்லை. தாதியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது அவர் குரலிலேயே சிரிப்பு இருந்தது. அந்த அம்மா வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவராம். வாய் வந்ததும் புருஷனைப் பார்த்து முதலில் கேட்டது, "அடுப்ப அணைச்சீங்களா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி, "எங்கம்மாவும் அதத்தான் கேப்பாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா சிரிக்கவில்லை.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு? அணைச்சாரா?"

"தெரியலையே, காக்."

"கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

டாக்டர் என்ன நினைத்தாரோ, போனார். யாரோ நடக்கிற சத்தம், ஏதோ மெஷின் கத்துகிற சத்தம் போனில் கேட்டது. எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்கு, அணைச்சிருப்பாங்கக்கா, அணைக்காம எங்க போவாங்க என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

டாக்டர் வந்தார். புருஷனுக்குப் பதட்டத்தில் அடுப்பு ஞாபகமே இல்லையாம். அந்த அம்மா கேட்ட பிறகு பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். அவர்கள்தான் உள்ளே போய் அணைத்தார்களாம். மீன் கரிக்கட்டையாகிவிட்டதாம். அதைச் சொன்னதும், நல்ல மீனாச்சே என்று அந்த அம்மா புருஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம்.

"நன்றி டாக்டர்," என்று அக்கா போனை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "புள்ள, அவங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சிருச்சு," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். சாவு வீட்டில் அழாத அழுகை, அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போகும்படியான அழுகை. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.